தாளிப்பனைக்குத் தோண்டிய குழி

கேட்டை மட்டும் நன்றாகச் சாத்திவிட்டு வாருங்கள் சிஸ்டர், ஆடு வந்துவிடும். சத்தம் வந்தால் வரட்டும், பரவாயில்லை. பிள்ளை தூங்குகிறாள்தான், ஆனால் அவள் எதற்கும் எழுந்திருக்க மாட்டாள். அப்படி ஒரு தூக்கம். இந்தத் தெருவில் மற்ற வீடுகளில் பிள்ளை தூங்குகிறது என்று டிவியை ஊமையாக்கிவிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தத் தொல்லையே கிடையாது.

உட்காருங்கள். மாற்றலாகி வந்திருக்கிற புது நர்ஸ் நீங்கள்தானே? பழைய நர்சம்மா சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார், எனக்குத் தெரியும். "கடைசி வீட்டு ரோஸ்லின் இருக்காளே, பிள்ளையைக் காது டெஸ்டுக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போன்னு நாலு மாசமா சொல்றேன், அசைய மாட்டேங்கிறா." இதைத்தானே சொன்னார்?

அசையக்கூடாது என்று இல்லை சிஸ்டர். எப்படிப் போவது, நீங்களே சொல்லுங்கள். போக வர ஒரு பகல் முழுக்க ஆகும். இந்தப் பனைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

அதோ, ஜன்னலுக்கு நேரே நிற்கிறது பாருங்கள். அதுதான். இரண்டே இலை. பார்த்தால் நம் ஊர்ப் பனங்கன்று மாதிரிதான் இருக்கும். இல்லை, இது தாளிப்பனை. திண்டுக்கல் முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது என்று அவர் சொல்வார். வளர்ந்துவிட்டால் ஓர் இலைக்கு அடியில் ஒரு குடும்பமே மழைக்கு ஒதுங்கலாமாம்.

அவர் என்றால் பிள்ளையின் அப்பா. இன்னாசிராஜ். லாரி ஓட்டுகிறார். வந்தால் மூன்று நாள், போனால் மாதக்கணக்கில் வீட்டுப் பக்கமே வர முடியாது. நான் மாசமாக இருந்தபோது கர்நாடகாவில் கார்வார் பக்கம் லோடு இறக்கப் போனவர், ஒரு டீக்கடை ஓரத்தில் இதன் தாய்மரத்தைப் பார்த்திருக்கிறார். பூத்துக் காய்த்துப் பட்டுப்போய் நின்றதாம். ஐம்பது வருஷம் சும்மா நிற்குமாம் சிஸ்டர். பிறகு ஒரே ஒரு தடவை, தேர் ஜோடித்த மாதிரி உச்சியில் பூக்குமாம். காய் உதிர்ந்ததும் மரம் போய்விடுமாம். அடியெல்லாம் கன்றாக முளைத்துக் கிடந்ததாம். அவ்வளவுதான், இவர் மனதில் அது விழுந்துவிட்டது. பிள்ளை பிறந்து இரண்டரை மாதத்தில், ஞானஸ்நானத்துக்கு வரும்போது, ஈரச் சாக்கில் சுற்றி, கேபினில் சீட்டுக்குப் பின்னால் படுக்கவைத்து, ஒரு கன்றைக் கொண்டுவந்துவிட்டார். ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பிள்ளைக்குக் கொலுசு, கவுன் என்று கொண்டுவந்தார்கள். பிள்ளையின் அப்பா மட்டும் சாக்கு.

"டெல்பினுக்கு அம்பது வயசாகும்போது இது பூக்கும் ரோஸு. நம்ம ரெண்டு பேரும் இருக்க மாட்டோம். அவ பேரப்பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு இங்க நின்னு, இது எங்கப்பா வச்சதுன்னு சொல்லுவா."

சொல்லுவா, சொல்லுவா என்று அன்றைக்கு நாலு பேரிடம் சொன்னார்.

திங்கட்கிழமையே லோடு வந்துவிட்டது. கிளம்பும்போது, வேலுச்சாமி அண்ணனிடம் பேசிவிட்டேன், நாளை வந்து குழி எடுத்துவிடுவார் என்றார். வேலுச்சாமி அண்ணன் மலையடிவாரத்தில் கல் உடைக்கிறவர். "மூணடி ஆழம் வேணும். அடியில வால் மாதிரி போகுது பாரு, அது மடங்கக்கூடாது, ஒடியக்கூடாது. அதுலதான் உசுரு இருக்குன்னு அந்த டீக்கடைக்காரர் சொன்னாரு. இது பிள்ளை மரம் ரோஸு. பிள்ளை மாதிரியே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

மூன்றடி! இந்த மனையை நீங்கள் பார்க்கிறீர்களே. சிறுமலையின் கால்மாட்டில் பிளாட் போட்டு விற்றபோது மேலே செம்மண் பரப்பிவைத்திருந்தார்கள். ஒரு சாண் மண், அவ்வளவுதான். அதற்குக் கீழே சுக்கான் பாறை. அதற்கும் கீழே கருங்கல். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அது வெளியிலேயே தெரிகிறது, முற்றம் மாதிரி வழவழவென்று. வெயில் காலத்தில் வற்றல் காயவைப்பதற்கு மட்டும்தான் இந்த மனை லாயக்கு என்று நாகம்மாள் அக்கா சொல்வார். மூன்றாவது வீடு அவர்.

வேலுச்சாமி அண்ணனும் அவர் மச்சான் மொக்கராசும் வந்தார்கள். முதல் நாள் கடப்பாரையிலேயே போய்விட்டது. மொக்கராசு சாயங்காலம் கடப்பாரை முனையைத் தூக்கிக் காட்டினான், பென்சில் மழுங்கின மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் ஆப்பும் சம்மட்டியும் கொண்டுவந்தார்கள். ணங், ணங் என்று காலையிலிருந்து ஒரே அடி. மொக்கராசுக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"ஏக்கா, இது பனைக்குக் குழியா, இல்ல கெணறா? தண்ணி வந்தா சொல்லுங்க, குளிச்சிட்டுப் போறோம்."

"வாய மூடிக்கிட்டுச் சம்மட்டியப் போடுறா."

"இல்ல மாமா, தெரியாமத்தான் கேக்குறேன். பனைய எடுத்து வேற எடத்துல வச்சு பொழச்சதா எந்த ஊர்லயாச்சும் உண்டா? கொட்டையப் போட்டா அதுவா எறங்கும். எங்கிட்டுப் போகணும், எம்புட்டுப் போகணும்னு கெழங்குக்குத் தெரியும். நாம யாரு குழி வெட்டிக் குடுக்க?"

நியாயம்தானே சிஸ்டர். இப்போது நினைத்தால் அவன் ஒருவன்தான் நியாயமாகப் பேசியிருக்கிறான்.

நாகம்மாள் அக்கா காதைப் பொத்திக்கொண்டே ஓடிவந்தார். "என்னடி, வீட்ட இடிக்கிறீங்களா? எங்க வீட்டு அலமாரியில டம்ளரெல்லாம் டான்ஸ் ஆடுது. பச்சப்பிள்ளைய உள்ள போட்டுக்கிட்டு உனக்கு என்ன தைரியம்?" என்று திட்டிக்கொண்டே உள்ளே போய்த் தொட்டில் சேலையை விலக்கிப் பார்த்தார். ஜன்னலுக்கும் குழிக்கும் நாலடிகூட இருக்காது. டெல்பின் வாயை லேசாகத் திறந்துகொண்டு அசந்து தூங்கினாள். சம்மட்டி விழுகிறது, ஜன்னல் கம்பி நடுங்குகிறது, இவளுக்கு இமைகூட ஆடவில்லை.

"இதென்னடி அதிசயமா இருக்கு" என்றார் அக்கா.

எனக்குப் பெருமையாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது. நான் கான்வென்டில் படித்தவள் சிஸ்டர். அங்கே சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மௌனம். மாதம் முழுக்க ஒரு தடவைகூட மௌனத்தைக் கலைக்காத பிள்ளைக்கு மதர் ஒரு புனிதர் படம் கொடுப்பார். என்னிடம் பதினேழு படம் இருக்கிறது. நம் பிள்ளையும் நம்மை மாதிரி, சத்தம் போடாத பிள்ளை, எதற்கும் அரளாத பிள்ளை என்று நினைத்தேன். டெல்பின் சிரிப்பாள், அழுவாள், எல்லாம் உண்டு. அழுகை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், தொண்டையிலிருந்து. அதெல்லாம் ஒவ்வொரு பிள்ளைக்கு ஒவ்வொரு விதம்.

மூன்றாம் நாள் மத்தியானம் சம்மட்டிக் காம்பு முறிந்துவிட்டது. குழி ஒன்றரை அடி. வேலுச்சாமி அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து, "இதுக்கு மேல மிஷின்தாம்மா" என்றார். மிஷின் வர ஒரு வாரம் ஆகும். கன்றோ நாலு நாளாகச் சாக்கில் கிடக்கிறது, இலை நுனி பழுக்க ஆரம்பித்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் வால் குழியைவிட நீளம். நிறுத்தினால் கன்று வெளியே நிற்கிறது.

"மடக்கி வச்சா அழுகிரும். ஒரு சாண் நறுக்கிட்டா நிமிந்து உக்காந்துரும். நீ சொல்லு, செய்யிறேன்" என்றார்.

என்னைக் கேட்டார் சிஸ்டர். எனக்கு என்ன தெரியும்? அவருக்குப் போன் போட்டேன். மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருப்பார் போல, லைனே போகவில்லை. மறுபடி போட்டேன். உள்ளே பிள்ளை பாலுக்கு அழுகிறாள். இவர்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்று என் முகத்தையே பார்க்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அரிவாளை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

நறுக்கின இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது, பனங்கிழங்கை ஒடித்தால் இருக்குமே, அப்படி. பால் மாதிரி ஒரு ஈரம். மொக்கராசு அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தான். மண்ணைத் துடைத்துச் சாக்கின் மேல் வைத்தான்.

அதன் பிறகு நாகம்மாள் அக்கா சொன்னபடி தென்னைக்குப் போடுகிற மாதிரி இரண்டு கிலோ கல்லுப்பு, ஆற்று மணல், அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டு நட்டோம். ராத்திரி பிள்ளையின் அப்பா போனில் கூப்பிட்டார்.

"நட்டாச்சா?"

"நட்டாச்சு."

"வாலு?"

"அப்படியே இருக்கு."

அதுவரை அவரிடம் நான் பொய் சொன்னதில்லை. ஒன்று சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது. பிள்ளையிடம் போனைக் கொடு என்பார். காதில் வைப்பேன். "டெல்பினு, டெல்பினு, அப்பா பேசுறேன்டா தங்கம்" என்று அங்கே அவர் கத்துகிறது எனக்கே கேட்கும். இவள் போனைப் பிடுங்கி நக்கிவிட்டுச் சிரிப்பாள். "சிரிச்சாளா?" என்பார். "சிரிச்சா" என்பேன். அது பொய் இல்லை, சிரித்தாள்தானே?

பழைய நர்சம்மா அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு எடை போட வந்தது இவளுக்கு ஆறு மாதம் ஆனபோது. இவளை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்று ஒரு மணியை ஆட்டினார். அப்புறம் கிலுகிலுப்பை. அப்புறம் ஒரு தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தார். சுற்றியிருந்த பிள்ளைகள் எல்லாம் அரண்டு அழுதன. இவள் என் சேலை முந்தானையில் இருக்கும் பூவை எண்ணிக்கொண்டிருந்தாள். "தள்ளிப் போடாத ரோஸ்லின். ஒரு வயசுக்குள்ள பாத்துட்டா வழி இருக்கு, பேச்சு வந்துரும். வருஷம் போகப் போகக் கஷ்டம்" என்றார். பாவம், நல்ல மனுஷிதான். ஆனால் பாருங்கள், நாகம்மாள் அக்காவின் அண்ணன் மகன் நாலு வயதில்தான் வாய் திறந்தானாம். இப்போது பஸ்ஸில் கண்டக்டர். அவன் வாயை மூடவைக்கத்தான் ஆள் இல்லை.

என்ன அவசரம் சிஸ்டர்? ஐம்பது வருஷம் நிற்கப்போகிற மரத்துக்கு...

இல்லை, நான் மரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நீங்கள் கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். குருத்து இருக்கிறது பாருங்கள், நடுவில் ஈட்டி மாதிரி. அவர் என்ன சொன்னார் என்றால், குருத்திலும் பக்கத்து மட்டையிலும் சேர்த்து நேராக ஒரு கோடு போட்டு வை, குருத்து வளர வளர அந்தக் கோடு மேலே ஏறும், அதுதான் உயிர் இருப்பதற்கு அடையாளம் என்றார். போட்டேன், நீல மையில். எட்டு மாதமாகக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனால் இலை பச்சை! பச்சை மாறவில்லை பாருங்கள். தினமும் ஈரத்துணியால் துடைப்பேன். துடைத்துவிட்டுப் படம் எடுத்து அவருக்கு அனுப்புவேன். லாரிக் கண்ணாடியில் அந்தப் படத்தை ஒட்டிவைத்திருக்கிறாராம்.

எனக்கு ஒரு நினைப்பு சிஸ்டர். யாரிடமும் சொன்னதில்லை. உயிர் இருக்கிற இடம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதை நான் நறுக்கக் கொடுத்தேன். பிள்ளை மரம் அது. பிள்ளைக்கு ஏதாவது குறை என்றால் அது அங்கிருந்துதான் வந்தது. பனை பச்சையாக இருக்கிறவரை பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் ஒரு பகல்கூட விட்டுவிட்டுப் போகப் பயம். படித்தவள் பேசுகிற பேச்சா என்று கேட்பீர்கள். கேளுங்கள். பயத்துக்கு முன்னால் படிப்பு நிற்பதில்லை.

ஐயோ, தொடாதீர்கள்! குருத்தைத் தொடாதீர்கள் சிஸ்டர். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். மொக்கராசுகூடப் போன வாரம் வேலிக்கு வெளியே நின்று, "ஏக்கா, லேசா இழுத்துப் பாருங்க, உசுரு இருந்தா வராது, செத்துருந்தா கையோட வந்துரும்" என்றான். நான் அவனை விரட்டிவிட்டேன்.

தெரியும். எனக்குத் தெரியும் சிஸ்டர். அவன் சொல்வதற்கு முன்பே நான் இழுத்துப் பார்த்துவிட்டேன்.

போன மாதம், இரண்டு நாள் மழை பெய்து வெறித்த காலையில். பிள்ளையை இந்தப் பாறையில் உட்காரவைத்துவிட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். விரல் தானாகப் போய்விட்டது. லேசாகத்தான் இழுத்தேன். வெண்ணெயிலிருந்து கத்தி வருகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் பழுப்பாக, கொழகொழவென்று, ஒரு வாடை. எனக்கு அழக்கூட வரவில்லை. கோடும் கோடும் நேராக இருக்கும்படி பார்த்துத் திரும்ப உள்ளே செருகிவிட்டேன். அப்படியே நிற்கிறது. இலை இன்னும் பச்சைதான். செத்த பிறகும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்குமாம், பனை அப்படித்தானாம். கிறிஸ்துமஸுக்கு அவர் வருகிறவரை நிற்கட்டும்.

ஆனால் கேளுங்கள், அன்றைக்குத்தான் அது நடந்தது. வந்த ஆத்திரத்தில் சுவரோரம் கிடந்த பழைய கடப்பாரையை எடுத்துப் பாறையில் ஓங்கிப் போட்டேன். ணங் என்று விழுந்தது. டெல்பின் திரும்பினாள்! எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி போட்டேன். மறுபடி திரும்பினாள். முழங்காலில் விழுந்துவிட்டேன் சிஸ்டர். பனையை எடுத்துக்கொண்டு பிள்ளைக்குக் காதைக் கொடுத்துவிட்டார் ஆண்டவர். பிறகு எதற்கு எனக்கு மதுரை?

நம்பவில்லைதானே? இருங்கள், கண்ணால் பாருங்கள். எழுந்துவிட்டாள் போல, தொட்டில் ஆடுகிறது. தூக்கிவருகிறேன்.

இதோ. பாருங்கள், அத்தையைப் பார் டெல்பின். சிரிக்கிறாள் பாருங்கள், புது ஆள் என்ற பயமே இல்லை. இப்படி உட்காருடா செல்லம், இந்தப் பாறையில், அந்தப் பக்கம் பார்த்து. இந்தா, கிண்ணத்தை வைத்து விளையாடு. நான் பின்னால் போகிறேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், விளையாட்டு மும்முரம். கடப்பாரைக்குத் திரும்புவாள். போடுகிறேன், பாருங்கள்.

பார்த்தீர்களா! பார்த்தீர்களா சிஸ்டர்! எவ்வளவு வேகமாகத் திரும்பினாள்! எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் குனிந்து பாறையில் கை வைக்கிறீர்கள்? சுடுகிறதா? இன்னொரு தடவை போடவா? போடுகிறேன். ஆமாம், அதிரத்தான் செய்யும். ஒரே பாறைதானே, இங்கே தட்டினால் அங்கே அதிரும். அதனால் என்ன?

அவளை எதற்குத் தூக்குகிறீர்கள்? சரி, தூக்குங்கள். உங்களிடம் நன்றாக ஒட்டிக்கொண்டாள் பாருங்கள். தோளில் போட்டுக்கொண்டு அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைக்கிறீர்களா? சரி. இப்போது போடச் சொல்கிறீர்கள். அவ்வளவுதானே? போடுகிறேன்.

உங்கள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறாள். அதில் கவனம், அதனால்தான் பார்க்கவில்லை. இருங்கள், ஓங்கிப் போடுகிறேன்.

நாகம்மாள் அக்கா வெளியே வந்து எட்டிப் பார்க்கிறார். கேட்டதா அக்கா? அங்கே வரைக்கும் கேட்டதா? இல்லை, ஒன்றும் இல்லை, நீங்கள் உள்ளே போங்கள்.

இன்னும் ஒரு தடவை.

டெல்பின்.

டெல்பின், அம்மாவைப் பாருடா.

சிஸ்டர், அவளைக் கீழே விட்டுவிடுங்கள். நான் சொல்வதைக் கேளுங்கள், பாறையில் விட்டுவிடுங்கள். கீழே விட்டால் திரும்புவாள் சிஸ்டர்.